பெங்களூரு வாடகை வீட்டில் ஷவர் தண்ணீரின் சூடு நிலையாக இல்லையா? கீசரை மாற்றும் முன்னும் மாற்றும்போதும் செய்ய வேண்டியவை

சென்னையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரைக் கழற்றிக் கொண்டுவந்து பெங்களூரில் மாட்டுங்கள். டிசம்பர் மாதக் காலையில் ஷவரைத் திறந்தால் முதல் நிமிடம் தோல் பொசுங்கும், அடுத்த நிமிடம் வெதுவெதுப்பு, அதற்கப்புறம் கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர். கீசர் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்குவார்கள். அதுவும் அப்படியேதான் செய்யும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பழுது கீசரில் இல்லை. வருகிற தண்ணீரின் அளவு, அதன் குளிர்ச்சி, கீசரின் வாட் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அல்லது குழாய்க்குள் எங்கோ பச்சைத் தண்ணீர் வெந்நீரோடு கலக்கிறது. காசு செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் சோதித்துவிடுங்கள். அரை மணி நேரமும் ஒரு வாளியும் போதும்.

1. சூடு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்

மெக்கானிக்கைக் கூப்பிட்டு "சூடு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எலிமென்டை, அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியை, மாற்றச் சொல்வார். எப்படிச் சரியில்லை என்று நீங்களே சொல்ல முடிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் கொதித்து ஒரு நிமிடத்தில் ஆறிப்போனால், தண்ணீரின் வேகத்துக்குக் கீசரின் வாட் போதவில்லை. இது இன்ஸ்டன்ட் கீசரின் இயல்பு, பழுதல்ல.

சூடு ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே சீராக மாறி மாறி வந்தால், தண்ணீர் மிகக் குறைவாக வருகிறது. கீசருக்குள் சூடு உச்சத்தைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டும். பிறகு உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் அதைத் தணிக்கும், மறுபடி மின்சாரம் வரும். நேர் மேலே டேங்க் இருக்கும் மேல்மாடி வீடுகளில் இது அதிகம்.

சமையலறையில் குழாயைத் திறந்தாலோ டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்தாலோ ஷவர் சட்டென்று கொதித்தால், பச்சைத் தண்ணீர் லைனில் அழுத்தம் இறங்குகிறது. கீசருக்கு இதில் பங்கே இல்லை.

தொட்டியில் தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சூடாக்கும் ஸ்டோரேஜ் கீசரில் நாலைந்து நிமிடம் நன்றாக வந்து பிறகு மெல்ல ஆறினால் தொட்டி சிறியது. ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஆறினால் வேறு காரணம், அது 3-ஆம் படியில்.

முன்பு நன்றாக இருந்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு குறைந்திருந்தால் எலிமென்டில் உப்புப் படிந்திருக்கிறது. போர்வெல், டேங்கர் தண்ணீர் வரும் வீடுகளில் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும்.

2. வாளியை வைத்து அளந்து பாருங்கள்

ஒரு லிட்டர் பாட்டிலால் ஐந்து முறை வாளியில் தண்ணீர் ஊற்றி, நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். வாளியைக் காலி செய்து ஷவருக்குக் கீழே வையுங்கள். வழக்கமாகக் குளிக்கும் அளவுக்குத் திறந்துவிட்டு, கோட்டைத் தொட எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பாருங்கள். 300-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 40 விநாடி என்றால் 7.5 லிட்டர்.

இனி கீசரின் பக்கம். கிலோவாட்டை 14.3-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏற்ற வேண்டுமோ அதால் வகுத்தால், அந்தக் கீசர் இடைவிடாமல் தரக்கூடிய லிட்டர் கிடைக்கும். பெங்களூரில் குளிர்காலக் காலையில் மேல் டேங்க் தண்ணீர் 20 டிகிரி வாக்கில் இருக்கும், குளிக்க 40 டிகிரி வேண்டும். ஆக ஏற்ற வேண்டியது 20 டிகிரி. 3 கிலோவாட் கீசர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.1 லிட்டர்தான் தரும், 4.5 கிலோவாட் 3.2 லிட்டர். உங்கள் ஷவரோ 7.5 லிட்டர் கொட்டுகிறது. எந்தக் கம்பெனி இன்ஸ்டன்ட் கீசரானாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. சென்னையில் 30 டிகிரித் தண்ணீரைப் பத்து டிகிரி ஏற்றினால் போதும், அதே 3 கிலோவாட் அங்கே 4.3 லிட்டர் தரும். ஊர் மாறியதும் கீசர் கெட்டுப்போன மாதிரி தோன்றுவது இதனால்தான்.

வோல்டேஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் கீசர் ஓடும் காலை ஏழு மணிக்கு வோல்டேஜ் 200-க்கு இறங்கினால், 230-க்குச் செய்த 3 கிலோவாட் கீசர் 2.3 கிலோவாட்டாகக் குறைந்துவிடும். அதே கீசர் இரவில் நன்றாக வேலை செய்யும்.

எலிமென்ட் நல்ல நிலையில் இருந்து, அளவு மட்டும் ஒத்துவரவில்லை என்றால் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயில் பச்சைத் தண்ணீரை விளாவுவதை நிறுத்துங்கள். வெந்நீர்ப் பக்கத்தை முழுதாகத் திறந்து வைத்து, கீசருக்குள் தண்ணீர் நுழையும் ஆங்கிள் காக் என்ற சிறு வால்வைக் கால் திருப்பு கால் திருப்பாக மூடிக்கொண்டே வாருங்கள். சூடு பதமாக நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஷவர் மெல்லியதாக வரும், ஆனால் சூடு நிலையாக இருக்கும். கோடையில் இன்னும் திறக்க வேண்டியிருக்கும்.

ஆனால் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் உண்மையில் வாளிக் குளியலுக்கு ஏற்ற சாமான். உள்ளே ஏற்கெனவே சூடாகி நிற்கும் 3 லிட்டரோடு சேர்த்தால், 15 லிட்டர் வாளி பதமான சூட்டில் நாலு நிமிடத்தில் நிறையும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் வாளிக் குளியலே போதும் என்பவர்கள் இதற்கு மேல் ஒன்றும் வாங்க வேண்டாம்.

3. பச்சைத் தண்ணீர் குறுக்கே பாய்கிறதா என்று பாருங்கள்

பல மெக்கானிக்குகள் தொடாமல் விடும் படி இது. இரண்டு கீசர் மாற்றியும் சரியாகாத வீடுகளில் காரணம் பெரும்பாலும் இதுவே.

கீசர் சுவிட்சை அணையுங்கள். கீசருக்குள் நுழையும் ஆங்கிள் காக்கை முழுதாக மூடுங்கள். இப்போது பாத்ரூமில் வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். சில விநாடியில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறுகிறது. கீசர் எவ்வளவு நன்றாகச் சுட வைத்தாலும் இது அதை ஆற்றிக்கொண்டே இருக்கும்.

அது வரும் இடங்கள் மூன்று. முதலாவது, ஹேண்ட் ஷவர். நுனியில் இருக்கும் விசையை விட்டால் தண்ணீர் நிற்கிறதே என்று மிக்ஸரின் இரண்டு பக்கமும் திறந்தே விட்டுவிடுவார்கள். உள்ளே இரண்டு லைனும் சேர்ந்துகிடக்கும், அழுத்தம் அதிகமான பக்கம் மற்றதற்குள் பாயும். மிக்ஸரை மூடும் பழக்கம் வந்தாலே சரியாகிவிடும். இரண்டாவது, தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிட, சுவருக்குள் பதித்த டைவர்ட்டரில் தேய்ந்துபோன கார்ட்ரிட்ஜ் (அதன் உள்வால்வு). பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்த்தான் புதிது வாங்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். மூன்றாவது, பிரஷர் பம்ப் பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் போட்டிருப்பது. பம்ப் இரண்டு லைனுக்கும் பொதுவாக, கீசருக்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

ஸ்டோரேஜ் கீசர் ஒரு நிமிடத்தில் ஆறுகிறது என்றால் குழாய்களை மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கீசரின் அடியில் நீல வளையம் தண்ணீர் நுழையும் வாய், சிவப்பு வெளியே வரும் வாய். சுவரில் நின்று தொங்கும் கீசருக்குள் சிவப்பு வாயிலிருந்து ஒரு குழாய் தொட்டியின் உச்சி வரை போகும், வெந்நீர் மேலே நிற்பதால் அங்கிருந்து எடுக்கும். மாற்றி மாட்டினால் பச்சைத் தண்ணீர் உச்சியில் விழுந்து வெந்நீரைக் கெடுக்கும், அடியில் இருக்கும் ஆறிய தண்ணீர் உங்கள் தலையில் கொட்டும். பெயின்ட் அடித்த பிறகு கீசரைக் கழற்றி மாட்டிய வாடகை வீடுகளில் இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

ஷவர் தலையையும் கழற்றிப் பாருங்கள். துளைகளில் வெள்ளைப் படிவு அடைத்திருந்தால் வெள்ளை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் குரோம் பூச்சு போய்விடும்.

4. கீசருக்குள் பார்க்க வேண்டியவை

இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. ஆனால் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், நேரடி இணைப்பு என்றால் மின்பலகையில் இருக்கும் எம்.சி.பி. பிரேக்கரை இறக்க வேண்டும். தண்ணீரை மூடித் தொட்டியைக் காலி செய்து, அடி மூடியைக் கழற்றியதும் வயர்கள் எங்கெங்கே போகின்றன என்று ஒரு படம் எடுத்து வையுங்கள்.

எலிமென்டை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 2 கிலோவாட் எலிமென்ட் 26 ஓம் வாக்கில் காட்ட வேண்டும், 3 கிலோவாட் 18, 4.5 கிலோவாட் 12. முள் அசையவே இல்லை என்றால் எலிமென்ட் அறுந்திருக்கிறது. எலிமென்டின் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் நடுவே ஏதாவது ஓம் காட்டினால் உறை ஓட்டையாகி மின்சாரம் தண்ணீரில் இறங்குகிறது. அந்தக் கீசரை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

ஓம் சரியாக இருந்து சூடு மட்டும் போதவில்லை என்றால் எலிமென்டை வெளியே எடுத்து உப்பைச் சுரண்ட வேண்டும். இரண்டு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் படிவு கழன்றுவிடும். டாய்லெட் கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றச் சம்மதிக்காதீர்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காக அதைச் செய்பவர்கள் உண்டு. தொட்டியின் உள்பூச்சு அரித்து, பிறகு ஒழுக ஆரம்பிக்கும்.

எலிமென்டோடு சேர்ந்து வெளியே வரும் மெக்னீசியம் கம்பிக்கு ஆனோடு ராடு என்று பெயர். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதே அதன் வேலை. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இதைக் கவனிக்காமல் விட்ட கீசர்கள்தான் வாரன்டி முடிந்த கையோடு ஒழுகுகின்றன. போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டில் வருடத்துக்கு ஒரு முறையும், காவிரித் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் இந்தச் சர்வீஸ் செய்தால் போதும்.

தெர்மோஸ்டாட் கெட்டால் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, சூடே ஏறாது. மற்றது, வெட்டாமல் ஏறிக்கொண்டே போய்த் தண்ணீர் ஆவியோடு வரும். இரண்டாவது ஆபத்தானது, உடனே அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு அருகில் கட்-அவுட் என்று தனியாக ஒரு பாகம் இருக்கும், அதிகச் சூட்டில் அதுதான் கடைசிக் காவல். அதன் பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டிவிட்டுப் போகிற மெக்கானிக்கிடம், அது ஏன் வெட்டியது என்று கேளுங்கள். அதை வயரால் இணைத்துத் தாண்டிவிடுகிறேன் என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

மூடும்போது, தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட்டைப் புதிதாகப் போட வேண்டும். தொட்டி நிறைந்து வெந்நீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச். காலித் தொட்டியில் போட்டால் புது எலிமென்ட் அப்போதே போய்விடும்.

தண்ணீர் சூடாகும்போது அடியில் இருக்கும் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் பயப்பட வேண்டாம். சூட்டில் விரியும் தண்ணீரின் அழுத்தத்தை அது வெளியேற்றுகிறது. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள். தொட்டி வெடிக்க அது ஒன்றே போதும்.

5. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா

விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும். தெர்மோஸ்டாட் 250 முதல் 500 ரூபாய், எலிமென்ட் 500 முதல் 1,000, ஆனோடு ராடு 200 முதல் 500. வேலைக்கூலி 300 முதல் 600. ஆக ஒரு முழுப் பழுது 2,600 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். பி.வி.கே. ஐயங்கார் ரோடு, எஸ்.பி. ரோடு பக்கம் உதிரிப் பாகங்கள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

தொட்டியே ஒழுகினால் பழுது பார்க்காதீர்கள். பற்றவைத்தது ஒரு மழைக்காலம் தாண்டாது. மற்றபடி எட்டு வருடம் ஆகாத கீசரென்றால் பழுது பார்ப்பதே லாபம்.

புதிது என்றால், ஷவருக்கு ஸ்டோரேஜ் கீசர்தான். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரோடு பச்சைத் தண்ணீரை விளாவினால் கணக்குப்படி 30 லிட்டர், நடைமுறையில் 25-க்குள்தான் கிடைக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஷவரில் நாலு நிமிடம். 25 லிட்டர் தொட்டியில் ஆறேழு நிமிடம். முழுத் தொட்டியும் மறுபடி சூடாக 2 கிலோவாட்டில் 15 லிட்டருக்கு 20 நிமிடத்துக்கு மேலும், 25 லிட்டருக்கு 35 நிமிடமும் ஆகும். அடுத்தடுத்து இரண்டு பேர் ஆபீஸுக்குக் கிளம்பும் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்குங்கள். விலை 15 லிட்டருக்கு 6,000 முதல் 10,000, 25 லிட்டருக்கு 8,000 முதல் 13,000.

வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேல் ஸ்டோரேஜுக்கு ஐ.எஸ். 2082, இன்ஸ்டன்டுக்கு ஐ.எஸ். 8978 என்று இருக்க வேண்டும். கீழே உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். அடுக்குமாடி வீடு என்றால் 8 பார் அழுத்தம் தாங்கும் மாடல். பரண் தாழ்வாக இருந்தால் படுக்கை மாடலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நின்ற மாடலைப் படுக்க வைத்து மாட்டவே கூடாது.

கேஸ் கீசர் மலிவு என்று சொல்வார்கள். காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் அது கார்பன் மோனாக்சைடு கக்கும். மணமே இல்லாத அந்த வாயுவால் குளிக்கப் போனவர்கள் இறந்திருக்கிறார்கள். தயவுசெய்து பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள்.

6. வயர், எர்த், லோடு

2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13, 4.5 கிலோவாட் 20. முதல் இரண்டுக்கும் 16 ஆம்பியர் சாக்கெட் போதும், வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. 4.5 கிலோவாட்டைச் சாக்கெட்டில் சொருகவே கூடாது. 4 சதுர மில்லிமீட்டர் வயரும் 25 ஆம்பியர் எம்.சி.பி.யும் வைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும். சாக்கெட்டின் துளை பழுப்பேறியிருந்தால் கீசருக்கு முன் அதை மாற்றுங்கள். சூடு விட்டுவிட்டு வருவதற்கு அந்தத் தளர்ந்த இணைப்பும் ஒரு காரணம்.

எர்த் இல்லாத சாக்கெட்டில் கீசர் மாட்ட வேண்டாம். மீட்டர் போர்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஓனரிடம் வற்புறுத்திக் கேளுங்கள்.

பெஸ்காம் (பெங்களூரு மின் வழங்கல் நிறுவனம்) பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று அச்சாகியிருக்கும். அது 3 என்றிருக்கும் பழைய வீட்டில் 4.5 கிலோவாட் கீசர் பொருந்தாது. லோடைக் கூட்ட, மின் இணைப்பின் ஆர்.ஆர். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், மாதாமாதம் நிலைக் கட்டணமும் கூடும். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜ்யோதியில் இருப்பவர்கள், கீசரை மறந்து விட்டுவைத்து மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டிவரும்.

7. ஓனரிடம் பேசுவது

முதலில் வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சாமான் பட்டியலைப் பாருங்கள். கீசர் அதில் இருந்தால் அது ஓனருடையது, பழுதும் அவர் பொறுப்பு என்று பேச இடமுண்டு. பட்டியலில் இல்லையென்றால் நீங்கள் வாங்கி மாட்டி, காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம். எப்படியானாலும் வேலை தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுமதி வாங்குங்கள்: எவ்வளவு ஆகும், யார் கொடுப்பது, வாடகையில் கழிப்பதா. வாய்வார்த்தையாக விட்டால் அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் அது காற்றோடு போயிருக்கும்.

பழைய கீசர் ஓனருடையது என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே செம்பு இருந்தால் காயலான் கடையில் விலை உண்டு. ஓனரிடமே ஒப்படைத்து, ஒப்படைத்ததை ஒரு படமாக எடுத்து அனுப்புங்கள்.

8. மாட்டும் நாள்

"இலவச இன்ஸ்டலேஷன்" என்றால் சுவரில் மாட்டித் தருவது மட்டும்தான். இரண்டு ஃப்ளெக்சிபிள் பைப், ஆங்கிள் காக், சில சமயம் ஆணிகள்கூட உங்கள் கணக்கு. அவர்கள் கொண்டுவரும் பைப்புக்குக் கேட்கும் விலை கூடுதலாக இருக்கும். அரை அங்குல, எஃகு பின்னலிட்ட பைப்பை நீங்களே முந்தின நாள் வாங்கி வைத்தால் ஜோடி 400 ரூபாய்க்குள் முடியும். நீளத்தை அளந்து வாங்குங்கள், 18 அங்குலம் பல வீடுகளில் எட்டாது. கீசருக்கு அப்பால் போகும் வெந்நீர் லைன் சாதா பி.வி.சி.யாக இருந்தால் அதையும் சூடு தாங்கும் சி.பி.வி.சி.க்கு மாற்ற வேண்டும், சூட்டில் சாதா பைப் இளகிவிடும்.

ஆள் வீட்டை விட்டுப் போகுமுன் தொட்டியை நிரப்பி, அரை மணி நேரம் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் தானாக வெட்டி விளக்கு அணைவதைக் கண்ணால் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை 55 முதல் 60 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். 75-இல் வைத்தால் உப்பு இன்னும் வேகமாகப் படியும், குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்தும்கூட. 3-ஆம் படியில் சொன்ன சோதனையை மறுபடி ஒரு முறை செய்யுங்கள்.

பில்லில் கீசரின் சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும். வாரன்டி கார்டில் மாட்டிய தேதியும் முத்திரையும் வாங்குங்கள், இணையத்தில் பதிவு செய்யச் சொன்னால் அன்றைக்கே செய்யுங்கள். தொட்டிக்கு ஐந்து வருடம், ஏழு வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எலிமென்டுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும், மற்ற பாகங்களுக்கு இன்னும் குறைவு. ஆனோடு ராடை மாற்றாமல் விட்டால் தொட்டி வாரன்டி செல்லாது என்ற நிபந்தனையும் சில கார்டுகளில் உண்டு, மாட்டியவர் கிளம்பும் முன்னேயே அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.